துளசியைப் பம்பு வைத்துக் கழுவிய நாள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதிலும் ஐந்தாம் வகுப்பில் பாதி நாள் கடற்கரையில்தான் கிடந்தேன். ஆனாலும் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், இலையிலிருந்து எண்ணெய் எடுக்கிறவர் யார் என்று. என் ஷெட்டுக்குத்தான் வழி காட்டுவார்கள். காற்று சரியாக அடித்தால் ஆள்கூட வேண்டாம், மூக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று செய்து காட்டுவேன். ஒரு பழைய செய்தித்தாளை வெயிலில் விரித்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய், பக்கத்திலேயே ஒரு சொட்டு என் எண்ணெய். பேசிக்கொண்டே இருப்போம். நல்லெண்ணெய் விழுந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகி அப்படியே கிடக்கும். என் சொட்டு விழுந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒன்றும் இருக்காது. எங்கே போயிற்று என்று கேட்பார்கள். உங்கள் மூக்குக்குள்தான் என்பேன். எள்ளில் இருக்கிற எண்ணெய், முளைக்கப் போகிற விதைக்குக் கட்டிக் கொடுத்த சோறு. இலையில் இருப்பதற்குப் பெயர் மட்டும்தான் எண்ணெய். அது பறந்து போகிற சாமான். நீராவி பிடித்தால் அதோடு ஏறி வரும், குளிரவைத்தால் தண்ணீர்மேல் மிதக்கும், திறந்து வைத்தால் சொல்லாமல் கிளம்பிவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஷெட் என்னுடையது. நிலம் என் அக்காவுடையது. மாமல்லபுரம் மார்க்கெட்டில் முப்பது வருஷம் மீன் விற்று அவள் வாங்கிய ஒன்றரை ஏக்கர். இரண்டு பக்கமும் சிலை செதுக்கும் பட்டறைகள். நடுவில் நான் எலுமிச்சைப் புல் வைத்து எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல்காரர்கள் மசாஜுக்கும் தரை துடைக்கவும் வாங்கினார்கள். பிறகு எங்கிருந்தோ மலிவாக வேறு எண்ணெய் வர ஆரம்பித்தது. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ரிசார்ட்காரர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். காட்டேஜ் கட்ட இடம் வேண்டுமாம். அக்கா என் ஷெட்டுக்கு வந்து, நின்றபடியே சொன்னாள்.

"நாலு வருஷமா புல்லு வெச்சிகினு கீற. எனக்கு இன்னாடா வந்துச்சி? தும்மல்தான் வந்துச்சி."

"இருக்கா. தைலக் கம்பெனிலேர்ந்து ஒரு மேடம் வராங்க. துளசி எண்ணெ கேக்கறாங்க. புட்சிருச்சின்னா வருஷம் பூரா எடுத்துப்பாங்க."

"புடிக்கலன்னா?"

"யார்கிட்ட கேக்கற? நான் வடிச்சா புடிக்காத போவுமா?"

அக்கா என் பெருமைக்கு என்றைக்கும் பதில் சொன்னதில்லை. "அந்தம்மா வர்ற அன்னிக்கு நானும் வரேன். எண்ணெ வந்துச்சின்னா நெலம் உன்கிட்ட கீது. வரலன்னா அன்னிக்கி சாயங்காலம் நாலு மணிக்கு ரிசார்ட்காரன வரச்சொல்லி வாக்கு குடுத்துடுவேன். அப்பால வூட்டாண்ட வந்து அழுவக் கூடாது" என்றாள்.

நான் அழுகிற ஆளா? புல்லைப் பாதி பிடுங்கிவிட்டுத் துளசி போட்டேன். தழைத்து, இடுப்புயரம் வந்து, பூவும் பிடித்தது.

மேடம் ஒருமுறை வந்து பயிரைப் பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மறைமலைநகரில் வீடு. இலையைக் கட்டைவிரலால் தடவி விரலைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது.

"கல்லுத் தூசிங்க ஐயா. இதோட வடிச்சா எங்களுக்கு ஆகாதுங்க. தழை சுத்தமா இருக்கோணும்."

"அத என்கிட்ட வுடுங்க மேடம்" என்றேன். "நீங்க அட்த்த வாட்டி வரும்போது மூஞ்சி பாத்துக்கலாம், அப்டி இருக்கும்."

இப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஈ.சி.ஆர். ரோட்டில் வாட்டர் சர்வீஸ் கடை வைத்து வாழ்க்கையை ஆரம்பித்தவன் நான். ஒரே ஒரு பம்பு. கையில் பிடிக்கும் துப்பாக்கி மாதிரி ஒன்று, விசையை அழுத்தினால் தண்ணீர் சாட்டை மாதிரி வீசும். அந்த ஒரு பம்பை வைத்துப் பைக், ஆட்டோ, டூரிஸ்ட் வேன், மீன் லாரி எல்லாம் கழுவி, வீடு கட்டி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, இந்த ஷெட்டையும் போட்டேன். எலுமிச்சைப் புல்லையும் அதில்தான் கழுவினேன். எண்ணெய் ஒரு சொட்டுக் குறைந்ததில்லை. தண்ணீரை வேகமாக அடித்தால் போகாத அழுக்கு உலகத்தில் கிடையாது என்பது என் கட்சி.

மேடம் வடிக்கிறதைப் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று, காலைப் பனி காய்ந்ததும் அறுத்தோம். கிழக்கு வேலி ஓரமாக நாலு பாத்தியை நேரமில்லை என்று விட்டுவிட்டு, மீதியை முழுக்க அறுத்தாயிற்று. பழைய மீன் வலையைச் சவுக்குக் கம்பில் கட்டி, அதன்மேல் தழையைப் பரப்பினேன். பம்பை ஓடவிட்டுத் துப்பாக்கியை எடுத்தேன்.

என்ன வாசனை! அப்படி ஒரு வாசனையை அந்த நிலத்தில் அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் நின்றுபோய், நாலு தலை வேலிக்கு மேல் தெரிந்தது. என் பாய்லரைப் பார்த்துக்கொள்கிற கூட்டாளி, முன்னே விசைப்படகு இஞ்சின் பார்த்த மெக்கானிக், விறகை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

"இன்னா மச்சான், இங்கயே இந்தத் தூக்கு தூக்குது!"

"இதுக்கே இன்னாடா? வடிச்சா பாரு."

அக்கா நைலான் பையோடு வந்து வேலியோரம் நின்றாள். இரண்டு முறை தும்மினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டேய், மீனக் கூட இப்டி அட்ச்சிக் கழுவ மாட்டோம்டா" என்றாள். "மேல கீற வழவழப்பு போச்சின்னா மீனு போச்சி."

"இது மீனு இல்லக்கா. எல."

"சாமிச் செடிடா அது."

"அதனாலதான் குளிப்பாட்டிகினு கீறேன்" என்றேன். கூட்டாளி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

பதினோரு மணிக்கு மேடம் வந்தார். இலை ஒவ்வொன்றும் பச்சைப் பெயின்ட் அடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அவர் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தார்.

"இப்பத்தான் கழுவுனீங்களா ஐயா?"

"பம்பு வெச்சி! ஒரு தூசி கண்டுபுடிங்க பாக்கலாம்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தழையை அண்டாவில் திணித்தோம். மூடியைப் போட்டு, இடுக்கெல்லாம் மைதா மாவைப் பிசைந்து அப்பினோம். கூட்டாளி ஆவியைத் திறந்தான். ஆவி தழைக்குள் புகுந்து, மேலே குழாயில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் செப்புக் குழாயில் குளிர்ந்து, கடைசியில் ஒரு ஸ்டீல் பானையில் வந்து சொட்டும். பானையின் கழுத்தில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறேன். தண்ணீர் கீழே போய்விடும், எண்ணெய் கண்ணாடியில் வளையமாக மேலே நிற்கும். புல்லுக்கு அரை மணியில் வளையம் கட்டும்.

அரை மணி ஆயிற்று. கண்ணாடியில் கலங்கல் தண்ணீர்தான் இருந்தது.

நாற்காலி போட்டும் மேடம் உட்காரவில்லை. அக்கா உட்கார்ந்திருந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. முக்கால் மணி ஆயிற்று. மைதா எங்கேயாவது வெடித்து ஆவி கசிகிறதா என்று மூடியைச் சுற்றி மூக்கை வைத்துப் பார்த்தேன். மூக்கு சுட்டதுதான் மிச்சம். தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டதோ என்று கையை விட்டேன். ஜில்லென்று இருந்தது. கூட்டாளியைத் திட்டினேன்.

"ஆவி பத்தல, ஏத்துடா."

"இதுக்கு மேல ஏத்துனா மூடி பட்டறைக்குப் போய் வுழும். வேணுமா?"

ஒரு மணிநேரம் ஆனபோது ஒரு கோடு தெரிந்தது. நகக்கண் அழுக்கு அளவுக்கு. அக்காவின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, பேசாமல் திரும்பப் போட்டாள். யார் என்று நான் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷெட்டுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. துளசி போடலாமா என்று யோசித்த நாளில் சின்ன அடுப்பில் நானே வடித்துப் பார்த்த எண்ணெய். நல்ல எண்ணெய், பொன் நிறம். கூட்டாளி என்னைப் பார்த்தான், அலமாரிப் பக்கம் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காமலே கேட்டுவிட்டான். பானைக்கு மேல்மூடி உண்டு. மேடம் அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

பாத்ரூம் போவது மாதிரிப் போனேன். பாட்டிலை வேட்டி மடியில் செருகிக்கொண்டு வந்தேன். பானைக்கும் எனக்கும் நாலு அடி இருக்கும்.

"மடியில இன்னாடா?"

அக்கா சத்தமாகக் கேட்கவில்லை. அந்தக் குரலுக்குச் சத்தம் தேவையில்லை.

"ஒண்ணுமில்லக்கா."

"அழுவுன மீனுக்குச் செவுள்ல செவப்பு தடவிக்கினு வர்றவன மார்க்கெட்ல எத்தினி பேரப் பாத்துகீறேன் தெரியுமா? அவன் மூஞ்சி எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப உன் மூஞ்சி அப்டித்தான் கீது."

நான் வாழ்க்கையில் யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை என்று சொல்லிக்கொள்கிறவன். அன்று குனிந்தேன். பாட்டிலை எடுத்து மேடத்தின் முன்னால் மேசையில் வைத்தேன். இது முன்னே வடித்தது, இதைப் பானையில் ஊற்றத்தான் எடுத்து வந்தேன் என்றும் சொல்லிவிட்டேன். கூட்டாளி பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அந்த அம்மாள் கோபப்படுவார், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் பாட்டிலைத் திறந்து, ஒரு காகிதத் துண்டில் நனைத்து, கண்ணை மூடி மோந்தார்.

"நல்ல எண்ணெய்ங்களே ஐயா இது. தழை எங்கிருந்து எடுத்தீங்க?"

"எங்க வூட்டு வாசல்ல கீற செடி."

"வெதை?"

"அதே வெதைதான் இங்கயும் போட்டேன்."

"கழுவுனீங்களா?"

"இல்ல. வூட்டாண்ட ஏது தூசி?"

அவர் கைப்பையிலிருந்து காசு அளவுக்கு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். கிழக்கு வேலிக்குப் போய், அறுக்காமல் விட்ட பாத்தியிலிருந்து ஒரு இலை கிள்ளி வந்தார். வலையில் ஒட்டியிருந்த கழுவின இலையையும் ஒன்று எடுத்தார். முதல் இலையை என்னிடம் கொடுத்து, கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அறுபத்து மூன்று வயதில் நான் அன்றுதான் துளசி இலையைப் பார்த்தேன். மேலெல்லாம் பூனை முடி. முடிக்கு நடுவில் தூசி. தூசிக்கு நடுவில், குண்டூசி முனையால் வைத்த மாதிரி மஞ்சள் மணிகள். வெயிலில் தேன் மாதிரி மின்னின. எண்ண முடியாத அளவு.

"அதுதானுங்க எண்ணெய். ஒவ்வொண்ணும் ஒரு பை. இலைக்கு வெளியேதான் ஒட்டிட்டு இருக்குது. இப்ப இதப் பாருங்க."

கழுவின இலை. தூசி இல்லை, சுத்தம். மணியும் இல்லை. அங்கங்கே காற்றுப் போன பலூன் மாதிரித் தோல் மட்டும் சுருங்கிக் கிடந்தது.

காலையில் தூக்கிய அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறைக்காரர்கள் நாலு பேர் வேலிக்கு மேல் நின்று மோந்தது என் எண்ணெயைத்தான். அண்டாவில் ஏறவேண்டியது அவர்கள் மூக்கில் ஏறிவிட்டது.

"புல்லுக்கு ஒண்ணும் ஆவலியே மேடம்? அதையும் இதாலதான அடிச்சேன்?"

"புல்லுக்கு அந்தப் பை இலைக்குள்ள இருக்குதுங்க. நீங்க எவ்வளவு அடிச்சாலும் உடையாது. துளசிக்கும் புதினாவுக்கும் தோலுக்கு வெளியே."

"வெளிய வெச்சா போயிடாதா? அதுக்கு அறிவு வாணாமா?" என்றாள் அக்கா. அவள் கையிலும் இப்போது ஒரு இலை.

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். "செடி இதை நமக்காகச் செய்யறதில்லீங்கம்மா. புழு வந்து கடிச்சா பை உடையும், வாயெல்லாம் எரியும். பூஞ்சணம் வந்து ஒக்காந்தா அதுக்கும் இதுதான் மருந்து. பூவுல இருக்கற வாசத்துக்கு வேற வேலை, தேனீயக் கூப்பிடறதுக்கு. ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. வேற என்ன பண்ணுமுங்க?"

"அந்தச் செடிக்கே எரியாதா?"

"எரியுமுங்க. உள்ள கொட்டுனா அதையே அழிச்சுப்போடும். அதனாலதான் தனியாப் பை கட்டி வெளியே வச்சிருக்குது."

இது எனக்கு உடனே புரிந்தது. படகுக்கு வாங்குகிற டீசலை எங்கள் ஆட்கள் யாரும் அடுப்படியில் வைப்பதில்லை. அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. கோடி புழு ஒன்றாக வந்து கடித்திருந்தால்தான் அவ்வளவு பையும் ஒரே நேரத்தில் உடைந்திருக்கும். அந்தக் கோடிப் புழுவும் நான் ஒருத்தன்தான்.

மணி ஒன்றரை. மேடம் வடித்த கோட்டைப் பார்த்துவிட்டு, "இதை வச்சு நான் எதுவும் எழுத முடியாதுங்க ஐயா" என்றார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். "அந்த நாலு பாத்தி இருக்குது. ஆனா தூசியோட ஆகாது. எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அந்த வழிதான் தரையில் ஹோஸ் பைப்போடு கிடந்தது.

அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "கூடை கீதா?"

பழைய மீன் கூடைகள் இருந்தன. மூன்று டப்பில் தண்ணீர் நிரப்பச் சொன்னாள். அறுத்த கொத்தைக் கூடையில் போட்டு, முதல் டப்பில் முக்கி, இரண்டு எண்ணுகிற நேரம் வைத்து, அப்படியே மேலே தூக்கினாள். அடுத்த டப்பு. அடுத்த டப்பு. கை இலையைத் தொடவே இல்லை. தூசி தானாக அடியில் போய்ப் படிந்தது. நான் ஒரு கொத்தை எடுத்துத் தட்டப் போனேன். "கைய வெச்ச, ஒடச்சிருவேன்" என்றாள். இலையையா கையையா என்று கேட்கவில்லை.

அந்த முறை வாசனையே இல்லை. காலையில் வாசனை வந்தபோது குதித்தவன், இப்போது வாசனை வராததைப் பார்த்துப் பயந்துபோய் நின்றேன். மேடம் மட்டும், "வரலீங்கல்ல? அப்ப உள்ளயே இருக்குது" என்றார்.

அண்டாவில் ஏற்றும்போது மணி இரண்டே முக்கால். மைதா அப்பினோம். நாலு பாத்தித் தழை, அண்டாவில் பாதிக்கும் குறைவு. கூட்டாளி ஆவியை மெதுவாகத் திறந்தான். கண்ணாடிக்கு முன்னால் நான் குந்தினேன். எனக்குப் பின்னால் அக்கா நின்றாள். அவள் மூச்சு என் பிடரியில் பட்டது.

மூன்றேகால். தண்ணீர். மூன்று இருபத்தைந்து. தண்ணீர்தான். துளசித் தாயே, உன்னை இனிமேல் பன்னீரால் கழுவுகிறேன் என்று வேண்டினேன். உடனே, கழுவவே மாட்டேன் என்று மாற்றி வேண்டினேன். மூன்றரைக்குக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வந்து நின்றது. இன்னொன்று வந்து அதோடு சேர்ந்தது. அப்புறம் வளையம். வளையம் தடித்தது. நூல் அளவு, பென்சில் அளவு.

வெளியே கார் ஹாரன் அடித்தது. மணி நாலு. ரிசார்ட்காரர் சொன்ன நேரத்துக்கு வருகிறவர், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா நகரவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. "வெரல் அளவு வரட்டும்" என்றாள், யாருக்கு என்றில்லாமல்.

விரல் அளவு வர இன்னும் கால் மணி ஆயிற்று. மேடம் ஒரு சின்னக் குப்பியில் பிடித்துக்கொண்டார். சோதனைச் சாலைக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்த பிறகுதான் கையெழுத்து என்றார். "ஆனா இந்த வாசத்துக்கு ரிப்போர்ட் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியுமுங்க" என்றும் சொன்னார். அவர் சொன்ன மாதிரியேதான் பிறகு வந்தது.

அக்கா ரோட்டுக்குப் போனாள். காரின் கண்ணாடி இறங்கியது. அவள் குனிந்து என்ன பேசினாள் என்று என் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் பின்பக்கமாகவே போய், பட்டறை வாசலில் திரும்பிக் கிளம்பியது.

திரும்பி வந்த அக்கா நேராகப் பம்பு கிடந்த இடத்துக்குப் போனாள். குந்தி உட்கார்ந்து, ஹோஸ் பைப்பிலிருந்து அந்தத் துப்பாக்கியைத் திருகிக் கழற்றினாள். நைலான் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, அது என் தொழில்க்கா. அதாலதான் நான் ஆளானேன்."

"தெரியும். அதான் எடுத்துகினு போறேன்."

இன்றைக்கும் துளசி எண்ணெயில் என்னை அடிக்க இந்தக் கரையில் ஆள் இல்லை. அணு ஆலைக்காரர்கள் குடியிருக்கிற அணுபுரத்திலிருந்து பெரிய படிப்புப் படித்தவர்கள் குடும்பத்தோடு வந்து என் ஷெட்டில் நின்று பூதக்கண்ணாடியில் இலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் பைக்கை மட்டும் நான் இன்னொருத்தன் வாட்டர் சர்வீஸ் கடையில் வரிசையில் நின்று கழுவிக்கொள்கிறேன். போன மாதம்கூட அக்கா வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைக் கேட்டேன்.

"அட்த்த அறுப்பு எப்போ?" என்றாள்.

"இன்னும் மூணு வாரம் கீது."

"அறுத்து, வடிச்சி முட்ச்சிட்டு வா. பாக்கலாம்."